சம்பளத்தைக் கூட்டியும் கொழும்புக்கு ஏன் வர மறுக்கிறார்கள்?

யாழ்ப்பாணத்தில் இருந்து ஒருவரையும் மட்டக்களப்பில் இருந்து ஒருவரையும் உங்கள் நிறுவனம் தெரிவு செய்ததாகவும், இப்போது எடுக்கும் சம்பளத்தைவிட அரைப்பங்கு கூடுதலாகத் தருவதாகச் சொல்லியும் "கொழும்பு வீட்டு வாடகை கட்டாது" என்று இருவரும் மறுத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையான காரணமா, மரியாதைக்குச் சொன்ன சாக்கா என்று கேட்கிறீர்கள். நான் விளங்கிக்கொண்ட அளவில் உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறொன்று: இன்னும் கொஞ்சம் சம்பளத்தைக் கூட்டினால் இப்படிப்பட்டவர்கள் வருவார்களா, அல்லது அதே பணத்தை வேறு வழியில் செலவழிக்க வேண்டுமா? அதற்கே விடை சொல்ல முயல்கிறேன். காணி, கட்டட மதிப்பீடு படித்து, கொழும்பில் அதையே தொழிலாகச் செய்து வருபவன் நான். வங்கிக் கடனுக்கும் குடும்பப் பாகப்பிரிவினைக்கும் வாடகை நிர்ணயத்துக்குமாக வீடு வீடாக ஏறி இறங்குவது என் அன்றாட வேலை. ஆகவே வீட்டுப் பக்கத்தைப் பற்றிச் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். வேலைச் சந்தையைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் நிறை குறைத்து எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்புக்கு வந்து வீடு தேடியவர்களைத்தான் நான் சந்திக்கிறேன். வராமலே விட்டவர்கள் என் கண்ணில் படுவதில்லை.

முதலில் நீங்கள் கொடுத்ததாக நினைக்கும் தொகை அவர் கைக்கு எவ்வளவாகப் போய்ச் சேருகிறது என்று பார்ப்போம். ஊரில் மாதம் 200,000 ரூபா எடுக்கும் ஒருவருக்கு நீங்கள் 300,000 தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி அட்டவணைப்படி மாதம் 150,000 வரைக்கும் வரி இல்லை. அதற்கு மேற்பட்ட ஆண்டு வருமானத்தில் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18 வீதம், அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 24 வீதம் என்று ஏறிப் போகும். இதன்படி 200,000 எடுப்பவர் மாதம் 3,000 ரூபா வரி கட்டுவார், 300,000 எடுப்பவர் 18,500 ரூபா கட்டுவார். முழுச் சம்பளத்தின் மீதும் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிக்கப்பட்டால், ஊரில் கைக்கு வந்தது 181,000. கொழும்பில் வருவது 257,500. நீங்கள் கூட்டிய ஓர் இலட்சம் அவருக்கு 76,500 ஆகிறது. சேமலாப நிதி அவருடைய சொந்தச் சேமிப்புத்தான் என்பது உண்மை. ஆனால் அதை வீட்டுக்காரரிடம் வாடகையாகக் கொடுக்க முடியாது. இந்த 76,500 ரூபாவுக்குள் வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு குடும்பம் மூச்சுவிட்டு இருக்கக்கூடிய இரண்டு அறை வீடு அகப்படுவது கடினம். அகப்பட்டாலும் சம்பள உயர்வு முழுவதும் வீட்டுக்காரருக்கே போய்விடுகிறது.

இவ்வளவும் எவரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. இதில் பலர் கவனிக்காத பக்கம், ஊரில் அவர் வாடகையே கொடுப்பதில்லை என்பது. இலங்கையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்ட குடும்பங்கள் சொந்த வீட்டில் இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பெரும்பாலும் பெண்ணோடு வீடும் வரும். திருமணமான ஒரு பொறியியலாளரோ கணக்காளரோ தன் மனைவியின் சீதன வீட்டில், மாமா மாமி அதே வளவிலோ அடுத்த வளவிலோ இருக்கக் குடியிருக்கிறார். வாடகை இல்லை, பிள்ளையைப் பார்க்க ஆள் உண்டு, கிணற்றுத் தண்ணீருக்குப் பட்டியல் வராது. மனைவி பாடசாலையிலோ பிரதேச செயலகத்திலோ வேலை பார்த்தால், கொழும்புக்கு இடமாற்றம் எடுப்பது பல வருட அலைச்சல். அதுவரை சம்பளமில்லா விடுமுறை எடுக்க வேண்டும் அல்லது வேலையை விட வேண்டும். ஆகவே அவர் போடும் கணக்கில் கூட்டல் பக்கத்தில் 76,500 நிற்க, கழித்தல் பக்கத்தில் கொழும்பு வாடகையும், மனைவியின் சம்பளமும், பிள்ளையைப் பார்க்கும் செலவும் வரிசையாக நிற்கின்றன. சீதன வீட்டை வாடகைக்குக் கொடுத்து அந்தப் பணத்தைக் கொழும்பு வாடகைக்குத் திருப்பலாமே என்று கேட்கலாம். அங்கே வரும் வாடகை இங்கே கொடுப்பதில் ஒரு சிறு பங்கு. அதோடு மாமியார் குடியிருக்கும் வளவுக்குள் அந்நியக் குடும்பத்தைக் கொண்டுவந்து வைக்க எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்?

மலையகத்தில் இருந்து வருபவரின் கணக்கு இதற்கு மாறானது என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டக் குடும்பங்கள் பலவற்றுக்குக் குடியிருக்கும் இடத்துக்கே காணி உறுதி (உரிமைப் பத்திரம்) கிடையாது. விட்டு வருவதற்கான சொத்து குறைவு. கொட்டாஞ்சேனையிலும் வத்தளையிலும் அறை பகிர்ந்திருக்கும் படித்த இளைஞர்களில் ஹற்றன், நுவரெலியா, பதுளைப் பக்கத்தவர்களைக் கணிசமாகக் காண்கிறேன். அதே வாடகை, அதே நகரம். ஊரில் வீடு இருப்பவரைத் தடுக்கிறது, இல்லாதவரை அவ்வளவாகத் தடுக்கவில்லை. இது என் தொழிலில் பார்த்ததில் இருந்து சொல்வதே தவிர எவரும் எண்ணிக் கணக்கெடுத்தது அல்ல.

அடுத்தது முற்பணம். என் எண்ணத்தில் உங்கள் கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. கொழும்பில் வீட்டுக்காரர்கள் ஆறு மாத வாடகையையோ ஒரு வருட வாடகையையோ மொத்தமாகக் கேட்பது சர்வ சாதாரணம். அதற்கு மேல் திருப்பித் தரும் வைப்புப் பணம், தரகருக்கு ஒரு மாத வாடகை, சாமான் ஏற்றி வரும் லொறிக் கூலி. வாடகை 80,000 என்று கொண்டால் ஆறு மாதத்துக்கு 480,000, ஒரு வருடத்துக்கு 960,000. 200,000 ரூபா சம்பளக்காரர் இதை எங்கிருந்து எடுப்பார்? மனைவியின் நகையை வங்கியில் அடகு வைத்துத்தான் எடுப்பார். நகை அடகில் இருக்கும் காலம் முழுவதும் வட்டி ஓடும். வருட முடிவில் வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டி, புதிதாக இன்னொரு முற்பணம் கேட்பார். மாத வாடகையைப் பற்றி மட்டும் பேசினால் இந்தச் சுமை கண்ணில் படாது. நீங்கள் கூட்டிக் கொடுக்கும் சம்பளம் மாதக் கடைசியில் வரும். வீட்டுக்காரருக்குப் பணம் வேலைக்குச் சேர்வதற்கு முதல் மாதமே வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தப் பள்ளத்தைச் சம்பள உயர்வு நிரப்பாது.

அப்படியிருந்தும் வருபவர்கள் வருகிறார்கள். யார் வருகிறார்கள் என்பதைப் பார்த்தால் தடை எங்கே இருக்கிறது என்று தெரியும். திருமணமாகாத இளைஞர்கள் தாராளமாக வருகிறார்கள். மூன்று பேர் ஓர் அறையைப் பகிர்ந்து, சாப்பாட்டுக் கடையில் மாதக் கணக்கு வைத்து, வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் ஊருக்குப் போய்த் திரும்புவார்கள். திருமணமானவர்கள் வந்தால் பெரும்பாலும் தனியாக வருகிறார்கள். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில் வங்கிக் கடனுக்காக ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். ஒரு குடும்பத்துக்குக் கட்டிய இரண்டு மாடி வீடு. உள்ளே நான்கு குடித்தனம். கார் நிறுத்தும் இடத்தை அடைத்து ஓர் அனெக்ஸ் ஆக்கியிருந்தார்கள். முன்பக்கம் திரைச்சீலை, அதை விலக்கினால் பழைய இரும்பு ஷட்டர் அப்படியே கீழே இறக்கிப் பூட்டப்பட்டிருந்தது. காற்று வருவதற்குப் பின்சுவரில் தலை உயரத்துக்கு மேல் ஒரே ஒரு துவாரம். மழைக்குத் தண்ணீர் புகாமல் இருக்கச் சிமெந்தால் ஒரு வரம்பு கட்டியிருந்தார்கள். அங்கே இருந்தவர் வவுனியாவைச் சேர்ந்த பட்டயக் கணக்காளர். மனைவியும் பிள்ளையும் ஊரில். தொழிலில் கைதேர்ந்த ஒருவர் கொழும்பில் கார் நிற்கும் இடத்தில் படுத்து எழும்புவதைப் பார்த்தால், உங்கள் இரண்டு பேரும் எதை மறுத்தார்கள் என்பது விளங்கும்.

இப்படி ஆவதற்கு வீட்டுப் பஞ்சம் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மைதான். கொல்லுப்பிட்டியில் இருந்து தெஹிவளை வரை தொடர்மாடிகள் எழும்பியிருக்கின்றன. இரவில் பார்த்தால் பல வீடுகளில் வெளிச்சம் இருக்காது. மதிப்பீட்டாளர் கண்ணால் பாருங்கள். நாலு கோடிக்கு வாங்கிய வீட்டை மாதம் 150,000 ரூபாவுக்குக் கொடுத்தால் வருடத்துக்கு 18 இலட்சம், அதாவது விலையில் 4.5 வீதம்; பராமரிப்புக் கட்டணமும் வரியும் அதில் கழியும். (இவை கணக்கை விளக்க நான் வைத்த எண்கள், எந்தக் குறிப்பிட்ட கட்டடத்தின் விலையும் அல்ல.) நிலையான வைப்பு வட்டி அதைவிடக் கூடுதலாக இருந்த காலமே இலங்கையில் அதிகம், 2022 இல் திறைசேரி உண்டியல் (அரசாங்கம் குறுகிய காலத்துக்கு வாங்கும் கடன்) வட்டி 30 வீதத்தையும் தாண்டியது. அப்படியானால் ஏன் வாங்கினார்கள்? வாடகைக்காக வாங்கவில்லை, பணத்தின் பெறுமதியைக் காப்பாற்றிக்கொள்ள வாங்கினார்கள். 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபா வரை ஏறி, அவ்வருட செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதத்தை எட்டியதைக் கண்டவர்களுக்கு, கல்லும் சிமெந்துமாக நிற்கும் சொத்து ஒரு தைரியம். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் வாங்கிப் பூட்டி வைத்த வீடுகளும் இதில் சேரும். ஆடி, ஆவணி விடுமுறைக்கும் மார்கழிக்கும் வரும்போது தாங்கள் தங்க வேண்டும், அல்லது தங்களைப் போல வருபவர்களுக்கு நாள் வாடகைக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். வருடம் முழுவதும் இருக்கப்போகும் ஒரு குடும்பம் அவர்களுக்குத் தேவைப்படுவதில்லை.

ஆகவே கொழும்பில் விலை கூடிய வீடு ஏராளம். குடிசைப் பகுதிகளில் இருந்து எழுப்பப்பட்டவர்களுக்கு நகர அபிவிருத்தி அதிகார சபை கட்டிக் கொடுத்த மாடிகளும் உண்டு. இரண்டுக்கும் நடுவில், மாதச் சம்பளக்காரர் குடும்பத்தோடு ஐந்தாறு வருடம் நிம்மதியாக வாடகைக்கு இருக்கக்கூடிய வீடுகளை வாடகைக்கென்றே கட்டுபவர் இல்லை. இதற்குச் சட்டத்தின் பழைய நிழலும் ஒரு காரணம். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்காரருக்கு மிக வலுவான பாதுகாப்புக் கொடுத்தது. மறு வருடமே வந்த வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கையை மட்டுப்படுத்தியது. பிந்திய திருத்தங்களால் வாடகைச் சட்டத்தின் பிடி புதிய கட்டடங்களில் வெகுவாகத் தளர்ந்துவிட்டது. குத்தகைக்குக் கொடுத்த இடத்தை விரைவாகத் திரும்பப் பெறுவதற்கென்று 2023 இல் தனிச் சட்டமும் வந்தது. ஆனாலும் குடியிருந்தவரை எழுப்ப வழக்குப் பேசி வருடக்கணக்காக அலைந்த கதை ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒன்று இருக்கும். அந்தக் கதைகள்தான் முற்பணத்தின் அளவை நிர்ணயிக்கின்றன, சட்டப் புத்தகம் அல்ல. வீட்டுக்காரர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டுவது எனக்கு உடன்பாடில்லை. ஓய்வூதியம் இல்லாத பல முதியவர்களுக்கு அந்த வாடகைதான் மருந்துச் செலவு.

இதில் இருந்து வரும் ஒரு விளைவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருமணமானவர்களின் மறுப்புக்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு (ஆவணங்களைச் சட்டப்படி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) முன்னிலையில் எழுதப்பட வேண்டும். நடைமுறையில் வீட்டுக்காரர்கள் பலர் ஒரு தாளில் இரண்டு கையெழுத்தோடு முடித்துக்கொள்கிறார்கள், அதுவும் பதினொரு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ. அரசாங்கப் பாடசாலைகளின் முதலாம் தர அனுமதியைப் பாருங்கள். கல்வி அமைச்சின் சுற்றறிக்கைப்படி இடங்களில் பாதி, பாடசாலைக்கு அருகில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு. அருகில் வசிப்பதை நிரூபிக்க வேண்டியது காணி உறுதியாலும், பதிவு செய்யப்பட்ட குத்தகை ஆவணத்தாலும், வாக்காளர் இடாப்பில் முந்திய வருடங்களில் பெயர் இருப்பதாலும். ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. நேற்று ஊரில் இருந்து வந்து, நொத்தாரிசு எழுத்து இல்லாத வாடகை வீட்டில், வாக்காளர் பதிவும் ஊரிலேயே இருக்க, ஒரு தகப்பன் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் எத்தனை புள்ளி எடுப்பார்? வீட்டை வாடகைக்குக் கொடுக்கும் ஒருவர், நல்ல மனிதர், என்னிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில சேர்க்கோணும், நொத்தாரிசு எழுத்துத் தாங்கோ எண்டு கேட்டால் நான் வீடு குடுக்கிறேல்லை தம்பி. பிறகு அவையை எழுப்பேலாது." அவர் பக்க நியாயம் அவருக்கு. ஆனால் அந்தத் தகப்பனுக்கு மிஞ்சுவது கட்டணம் வாங்கும் பாடசாலை. அது இன்னொரு வாடகை.

செலவு குறைந்த இடத்துக்குப் போகலாமே, ஹோமாகமையிலும் கடுவலையிலும் கடவத்தையிலும் அரை விலைக்கு வீடு கிடைக்குமே என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். சிங்களக் குடும்பத்துக்கு அது சரியான யோசனை. தமிழ் மொழிமூலப் பாடசாலையும், கோயிலும், தமிழில் பேசி மருந்து வாங்கக்கூடிய கடையும் தேவைப்படும் குடும்பத்துக்குக் கொழும்பு சுருங்கிவிடுகிறது: வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, வத்தளை. அதே சில சதுர மைலுக்குள் எல்லோரும் போட்டியிடுவதால் வாடகையும் அங்கே கூடுதலாக நிற்கிறது. தொலைவும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. வேயாங்கொடையிலோ களுத்துறையிலோ சொந்த வீடு இருப்பவர் காலை ரயிலைப் பிடித்து வேலைக்கு வந்து இரவில் வீடு திரும்புவார். கொழும்பு வாடகை அவரைத் தொடுவதே இல்லை. கிட்டத்தட்ட 400 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கு அந்த வழி இல்லை. மாலபேயில் இருந்து கோட்டை வரை திட்டமிட்ட இலகு ரயில் 2020 இல் கைவிடப்படாமல் இருந்திருந்தால், அந்தப் பக்கத்து வீடுகளில் இருந்து கோட்டைக்கு வேலைக்கு வருவது இலகுவாகி, நகருக்குள் வாடகை நெருக்குதல் கொஞ்சம் தணிந்திருக்கலாம். இது ஊகம்தான்.

உலகில் இதைப் படித்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் பார்க்கலாம். ஷெர்வின் ரோசன் 1979 இலும் ஜெனிபர் ரோபாக் 1982 இலும் வகுத்த கோட்பாட்டின்படி, ஒரு நகரத்தின் நல்ல சம்பளமும் நல்ல வசதியும் அங்குள்ள வாடகையில் ஏறிவிடும். ஆகவே உயர்ந்த வாடகை என்பது அந்த நகரத்துக்கு ஆட்கள் போட்டியிட்டு வருகிறார்கள் என்பதன் அடையாளமும் ஆகும். இதில் எனக்குச் சந்தேகமில்லை. மேல் மாகாணத்தில் நாட்டின் உற்பத்தியில் 40 வீதத்துக்கு மேல் குவிந்திருக்க, வாடகை குறைவாக இருந்தால்தான் அதிசயம். அமெரிக்காவைப் பற்றி பீட்டர் கனோங், டானியல் ஷோக் இருவரும் 2017 இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். 1960 இல் வறிய மாநிலத்தில் இருந்து நியூயோர்க் போன இடத்தில் சட்டத்தரணியும் சரி, துப்புரவுத் தொழிலாளியும் சரி, வீட்டுச் செலவு கழித்து முன்னேறினார்கள். 2010 இல் சட்டத்தரணி மட்டுமே முன்னேறினார், துப்புரவுத் தொழிலாளிக்குச் சம்பள வேறுபாட்டைவிட வீட்டுச் செலவு கூடிவிட்டது. அதாவது உயர்ந்த வாடகை முதலில் தடுப்பது உச்சத்தில் இருப்பவரை அல்ல. கொழும்பிலும் பெரிய வைத்திய நிபுணரையோ வங்கியின் உயர் அதிகாரியையோ வாடகை தடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தடுபடுபவர்கள் நடுவில் இருக்கும் திறமைசாலிகள்: ஐந்து பத்து வருட அனுபவமுள்ள பொறியியலாளர், கணக்காளர், தாதியர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், லிப்ட் பழுது பார்ப்பவர். சாங்-டாய் ஷியே, என்ரிகோ மொரெட்டி இருவரின் 2019 ஆய்வு இன்னும் ஒருபடி மேலே போய், வீடு கட்ட விடாத நகரங்களால் அமெரிக்காவின் முழுப் பொருளாதாரமே பெரிய அளவில் இழந்தது என்றது; அதன் கணக்கைப் பிற ஆய்வாளர்கள் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார்கள். இழப்பு உண்டு என்ற திசையை ஏற்கிறேன், அளவை ஏற்க அவசரப்படமாட்டேன். இந்த எண்களை அப்படியே கொழும்புக்குப் பெயர்த்துவைப்பது சரியாகாது. அமெரிக்கருக்கு ஊரில் சீதன வீடு என்ற ஒன்று இல்லை.

மறுப்பு முழுவதையும் வாடகையின் தலையில் கட்டுவதும் தவறு. தமிழருக்கு எதிரான 1983 கலவரத்தைக் கண்ட பெற்றோருக்கும், 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்து நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டு, பின்னர் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கும், பிள்ளை கொழும்பில் போய் இருப்பது இன்றைக்கும் ஒரு யோசனைதான். அலுவலகத்தில் சிங்களத்தில் நடக்கும் பேச்சில் தான் ஓரமாகிவிடுவேனோ என்ற தயக்கமும் உண்டு. இவற்றை வேலைக்கு ஆள் எடுப்பவரிடம் எவரும் சொல்ல மாட்டார்கள். வாடகை என்றால் சொல்வதற்கும் இலகு, கேட்பவருக்கும் மனம் நோகாது. ஆகவே அந்தச் சொல்லுக்குள் சாக்கும் கொஞ்சம் கலந்திருக்கலாம். எவ்வளவு என்பதை நேரில் கேட்டால்தான் பிரிக்கலாம்.

இன்னொன்றையும் உங்கள் நிறுவனம் யோசிக்க வேண்டும். நீங்கள் யாழ்ப்பாணத்தோடு போட்டியிடுவதாக நினைக்கிறீர்கள். உண்மையில் ரொறொன்ரோவோடும் மெல்பேணோடும் டோகாவோடும் போட்டியிடுகிறீர்கள். 2022 இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்காகப் பதிவு செய்து நாட்டை விட்டுப் போனார்கள். நகையை அடகு வைத்து, வீட்டைப் பூட்டி, மனைவியின் வேலையை விட்டுத்தான் ஓர் இடம்பெயர்வு சாத்தியம் என்றால், அத்தனையும் செய்து கொழும்புக்கு ஏன் போக வேண்டும், அதே பணத்தில் விசாவுக்கு விண்ணப்பிக்கலாமே என்று முப்பது வயதுக்காரர் நினைப்பதில் பிழை காண முடியாது.

இனி உங்கள் செயலுக்கு வருவோம். உங்கள் நிறுவனம் மட்டும் சம்பளத்தைக் கூட்டினால் ஓரிருவர் வரலாம்; எல்லா நிறுவனங்களும் கூட்டினால், வீடு கூடாத இடத்தில் வாடகைதான் கூடும். அதே செலவை முற்பணப் பக்கம் திருப்பினால் பயன் அதிகம். திருமணமாகாதவர்களுக்கு, நிறுவனமே ஒரு வீட்டை நொத்தாரிசு மூலம் குத்தகைக்கு எடுத்து அறைகளை ஒதுக்கலாம். பதிவு செய்த நிறுவனம் குத்தகைக்காரர் என்றால் வீட்டுக்காரர்கள் முற்பணத்தில் இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். குடும்பஸ்தர்களுக்கு இதே வழி பொருந்தாது: குத்தகை நிறுவனத்தின் பெயரில் இருந்தால் பிள்ளையின் பாடசாலை அனுமதிக்கு அந்த ஆவணம் தகப்பனுக்கு உதவாது. அவர்களுக்குக் குத்தகை ஊழியரின் பெயரிலேயே, குறைந்தது மூன்று வருடத்துக்கு, நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டுக் காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். முற்பணத்தை நிறுவனம் வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து மாதாமாதம் கழித்துக்கொள்ளலாம். உரிய நேரத்தில் வீட்டை விடுவிப்பார் என்பதற்கு நிறுவனம் உத்தரவாதக் கடிதம் கொடுத்தால் வீட்டுக்காரரின் பயமும் அடங்கும். முத்திரைத் தீர்வையையும் நொத்தாரிசுக் கட்டணத்தையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். நிறுவனம் வீடு கொடுத்தாலும் வட்டியில்லாக் கடன் கொடுத்தாலும் அது ஊழியரின் வரிக்குரிய நலனாகக் கணிக்கப்படலாம் என்பதால், கடிதம் எழுத முதல் உங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுத்த இருவரிடமும் திரும்பப் பேசுவதாக இருந்தால், சம்பளத்தைப் பற்றி எடுக்காமல் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: மனைவி என்ன வேலை பார்க்கிறார், பிள்ளைக்கு எத்தனை வயது, முற்பணத்தை நாங்கள் பொறுப்பேற்றால் முடிவு மாறுமா. தனியாள் என்றாலோ, பிள்ளை கைக்குழந்தை என்றாலோ மேலே சொன்ன ஏற்பாடு வேலை செய்ய நல்ல வாய்ப்பு உண்டு. இப்போதே வந்து வாக்காளர் இடாப்பில் பெயரைப் பதிந்தால் பாடசாலை வயதுக்குள் சில வருடப் பதிவாவது சேர்ந்துவிடும். பிள்ளை நான்கு வயதைத் தாண்டியிருந்தால், முதலாம் தர விண்ணப்பம் முந்திய வருடத்திலேயே கோரப்படுவதால், இப்போது எழுதும் எந்தக் குத்தகையும் அந்த வரிசையில் அவரை முன்னுக்குக் கொண்டுவராது. அப்படிப்பட்டவருக்கு வீடு பார்த்துக் கொடுத்துக் காலத்தை வீணாக்காமல், மாதத்தில் ஒரு வாரம் உங்கள் செலவில் கொழும்பில் தங்கி, மிச்சத்தை ஊரில் இருந்தே செய்யும் ஏற்பாட்டை முதலிலேயே எழுத்தில் கொடுத்துப் பாருங்கள்.